அறுகம்பேயில் ஒரே ஒரு விடியல்: களப்பா, குமணவா, அலையா?

சனிக்கிழமை காலை மட்டக்களப்பில் பஸ் ஏறி ஞாயிறு இரவுக்குள் வீடு வந்து சேர வேண்டும் என்றால், அறுகம்பேயில் நமக்குக் கிடைப்பது ஒரு பின்னேரமும் ஒரு விடியலும்தான். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாம் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்ப் பொத்துவிலில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் பாலத்தைக் கடந்து அறுகம்பேக் கிராமமான உல்லைக்குள் நுழையும்போதே மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். பின்னேரத்தை எப்படியும் கழித்துவிடலாம். அந்த ஒரே விடியலை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல், ஏனென்றால் களப்பில், அதாவது கடலோர உப்பேரியில் தோணி, குமண தேசியப் பூங்காவுக்கு ஜீப், அலைச்சறுக்கு மூன்றுமே நல்லா இருப்பது அந்த நேரத்தில்தான்.

முதலில் குமண. பெயரைக் கேட்டதும் எல்லாரும் அதற்குத்தான் ஆசைப்படுவார்கள், நானும் அப்படித்தான் முதல் தடவை போனேன். உல்லையில் இருந்து பாணமை வழியாக உகந்தைக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், பூங்கா வாசல் அங்கேதான். இருட்டோடு கிளம்ப வேண்டும், ஜீப் வாடகையும் நுழைவுக் கட்டணமும் தனித்தனி. உள்ளே கும்புக்கன் ஓயா ஆற்றின் நீர் வந்து நிறையும் வில்லு, அதாவது ஆழமில்லாத ஏரி இருக்கிறது. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் நாரையும் கொக்கும் அங்கே கூடு கட்டும், அந்த மாதங்களில் போனால் கொடுத்த காசுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வரும்போது உச்சி வெயில், பிள்ளைகள் ஜீப்பிலேயே தூங்கிவிடுவார்கள், அறையைக் காலி செய்யும் நேரமும் நெருங்கிவிடும். கடலோரக் கிராமத்துக்கு வந்து கடலைப் பார்க்காமல் போன மாதிரித்தான் எனக்கு இருந்தது. இரண்டு இரவு தங்குகிறவர்களுக்குக் குமண. ஒரு இரவுக்காரர்கள் விட்டுவிடுங்கள். முருகன் கோவிலுக்காக உகந்தை போகிறவர்கள் கதை வேறு, கோவில் பூங்காவுக்கு வெளியே இருப்பதால் டிக்கெட் தேவையில்லை.

அலைச்சறுக்கு பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மவர்களிடம் இருக்கிறது, அது வெள்ளைக்காரர்களுக்கு உரியது என்று. இலங்கையின் முதல் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் 2018இல் தொடங்கியதே இந்த ஊரில்தான். சொல்லிக் கொடுப்பவர்களும் பெரும்பாலும் உல்லை, பொத்துவில் பெடியன்கள், தமிழிலேயே திட்டுவார்கள், தமிழிலேயே பாராட்டுவார்கள். முனையில் உடையும் பெரிய அலை பழகியவர்களுக்கு. புதியவர்களைக் குடாவுக்குள் சின்ன அலை வரும் இடத்துக்கோ பக்கத்துக் கடற்கரைகளுக்கோ கூட்டிப் போவார்கள். முதலில் மணலில் பலகையை வைத்துப் படுத்து எழும்பப் பழக்குவார்கள், அப்புறம்தான் தண்ணீர். காற்று எழும்பாத காலையில் அலை ஒழுங்காக வரும் என்பது உண்மைதான். ஆனால் முதல் நாள் பழகுகிறவருக்கு உடைந்து வரும் நுரையே போதும் என்பதால் இதைத் தாராளமாகப் பின்னேரத்துக்குத் தள்ளலாம். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை மட்டும். வாடைக்காற்றுக் காலத்தில் இந்தப் பேச்சே வேண்டாம்.

ஆக, விடியலைக் களப்புக்குக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், அதுவும் பொத்துவில் களப்புக்கு. பாலத்தடியில் இருக்கும் அறுகம் களப்பு வேறு, இது பொத்துவில் டவுனுக்கு வடக்கே, ஓட்டோவில் கொஞ்ச நேரம். மீனவர்களே தோணி விடுகிறார்கள். எஞ்சின் கிடையாது, கம்பை ஊன்றித் தள்ளித்தான் போவார்கள், சுமார் இரண்டு மணி நேரம். சத்தம் இல்லாததால் மீன்கொத்தி கைக்கெட்டும் தூரத்துக் கிளையில் இருந்தும் பறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கம்பு மேலே வரும்போது நுனியில் கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வரும், அந்த மணம் ஊரில் வாவிக்கரையில் வளர்ந்த எவருக்கும் பழகிய மணம். கண்டல் மரத்தில் முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குவது வெறும் காய் இல்லை, மரத்திலேயே முளைவிட்ட கன்று, விழுந்தால் சேற்றில் அப்படியே குத்தி நின்று வேர்விடும். தோணிக்காரர் ஒன்றை எடுத்து என் தங்கச்சியின் மகள் கையில் கொடுத்து, "ஊன்றிவிடுங்க பிள்ளை, அடுத்த முறை வரும்போது உங்களுக்கு மேல வளர்ந்திருக்கும்" என்றார். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைகளில் ஆட்கள் கையால் கன்று நட்டிருக்கிறார்கள், அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எட்டரைக்கெல்லாம் கரைக்கு வந்துவிட்டோம், சட்டித் தயிரோடு காலைச் சாப்பாடு, அதற்குப் பிறகும் கடலில் குளிக்க நேரம் மிச்சம்.

அலைச்சறுக்கு வேண்டாம் என்பவர்கள் பின்னேரத்துக்கு யானைப் பாறையை வைத்துக்கொள்ளலாம். ஏறுவது சுலபம், மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடும் களப்பும். ஆனால் பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நீரில் கை கழுவக்கூட இறங்க வேண்டாம். 2017இல் அங்கே ஒருவரை முதலை இழுத்துக்கொண்டு போனது. இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும், யானை வரும் பாதை அது.

தோணிக்கு முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். தங்குமிடத்தில் கேட்டால் ஏற்பாடு செய்து தருவார்கள், நேரே மீனவர்களிடம் பேசினால் காசு முழுதாக அவர்கள் கைக்குப் போகும். ஐந்தரைக்குக் களப்பங்கரையில் நில்லுங்கள். ஏழு மணிக்குப் போனால் வெயிலும் வந்துவிடும், பறவைகளும் மரத்துக்குள் போய்விடும்.