லேசர் இரட்டைப் பிளவா, எலெக்ட்ரான் குழாயா?

தொடக்கக் கல்லூரி இயற்பியல் மாணவர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்திலேயே செய்யக்கூடியது லேசர் சோதனை. 1 மில்லிவாட்டுக்குக் குறைந்த 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், 0.25 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரட்டைப் பிளவு (அருகருகே இரு மெல்லிய கீற்றுகள்), 2 மீட்டர் தள்ளிச் சுவர். சுவரில் ஒளி வரிகள் 5.2 மில்லிமீட்டர் இடைவெளியில் விழும். ஒன்றை மட்டும் அளந்தால் பிழை பெருகும். பத்து இடைவெளிகளைச் சேர்த்தளந்து வகுக்கவும்.

ஆனால் இது ஒளியின் அலைத்தன்மையோடு நின்றுவிடும். பொருளும் அலையே என்று காட்ட ஆய்வகத்து எலெக்ட்ரான் குழாய்தான் வேண்டும்; அது எலெக்ட்ரான்களைப் பாய்ச்சும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய். 5,000 வோல்ட்டில் எலெக்ட்ரானின் அலைநீளம் சுமார் 0.017 நானோமீட்டர், கிராஃபைட் படலம் தாண்டித் திரையில் இரு வளையங்கள் ஒளிரும். மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அலைநீளம் குறைந்து வளையங்கள் சுருங்கும். பொருளுக்கும் அலைத்தன்மை உண்டென்று இயற்பியலாளர் டி பிராய் 1924இல் சொன்னது கண்முன்னே நடக்கிறது, எவ்வளவு அழகு! மின்னோட்டம் மட்டும் அளவு மீறக்கூடாது. மெல்லிய படலம் கருகிவிடும். ஒன்றுக்குத்தான் நேரமென்றால் குழாயையே பாருங்கள்.