911-ஆ, டைகானா, செயற்கைப் பெட்ரோலா?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், சூஃபன்ஹவுசன் பகுதியில் இருக்கும் போர்ஷே தொழிற்சாலையிலிருந்து இரண்டு விதமான கார்கள் வெளியே வருகின்றன. 911 பெட்ரோலில் ஓடுவது. டைகான் மின்சாரத்தில் ஓடுவது. இதே நிறுவனம் சிலி நாட்டின் தென்கோடியில், புன்டா அரீனாஸ் அருகே, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு பெட்ரோல் செய்யும் ஆலையிலும் பணம் போட்டிருக்கிறது. பெட்ரோலியத்துக்கு மாற்று எது என்று உலகம் அடித்துக்கொள்ளும் வழக்கின் மூன்று கட்சிக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

வேகத்திலிருந்து தொடங்குவோம். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 911 ஜிடி3 ஆர்எஸ் 3.2 விநாடி எடுக்கிறது. டைகான் டர்போ ஜிடியின் வைசாக் வகைக்கு 2.2 விநாடி போதும். ஆனால் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில், 20.8 கி.மீ. நீள வடக்குச் சுற்றில் கதை திரும்பிவிடுகிறது. 911 அதை 6 நிமிடம் 49 விநாடியில் முடித்தது. டைகான் 7 நிமிடம் 7 விநாடி எடுத்துக்கொண்டது. நேர்சாலையில் முந்துகிற கார் வளைவுகளில் ஏன் பின்தங்குகிறது? முதல் காரணம் எடை. 911 ஏறத்தாழ 1,450 கிலோ. டைகான் 2,200 கிலோவுக்கு மேல். 911-இன் டேங்கை நிரப்பும் 64 லிட்டர் பெட்ரோல் 50 கிலோகூட வராது, அதுவும் ஓட ஓடக் குறைந்துகொண்டே போகும். டைகானின் பேட்டரி மட்டுமே 600 கிலோவுக்கு மேல். முழுதும் தீர்ந்த பிறகும் அதே 600 கிலோதான். இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது: ஜிடி3 ஆர்எஸ் பந்தயத் தடத்துக்கென்றே செதுக்கிய கார், டைகானோ நான்கு கதவுள்ள காரின் வழிவந்தது. இடைவெளியும் நிலைக்கவில்லை. 2025-இல் சீனாவின் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் என்ற மின்சாரக் கார் இதே சுற்றை 7 நிமிடத்துக்குள் முடித்துவிட்டது.

மின்சாரத்தின் முழு வீரியத்தைப் பார்க்க வேண்டுமானால் மலைக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் பந்தயம் ஏறத்தாழ 20 கி.மீ. தூரம், 156 வளைவுகள். முடிவது 4,300 மீட்டர் உயரத்தில். அங்கே காற்று மெலிந்துவிடும். பெட்ரோல் எஞ்சின் மூச்சு விட்டால்தான் ஓடும். மேலே ஏற ஏற அதற்கு மூச்சு முட்டும். மின்சார மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். 2013-இல் செபாஸ்டியன் லோப் 875 கிலோ எடையும் 875 குதிரைத்திறனும் கொண்ட பெஜோ பெட்ரோல் காரில் 8 நிமிடம் 13 விநாடியில் உச்சியை அடைந்தார். 2018-இல் ரோமன் டூமா, அதைவிட எடை கூடிய, திறன் குறைந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.ஆர் மின்சாரக் காரில் 7 நிமிடம் 57 விநாடியில் ஏறினார். மின்சாரக் கார் என்றால் நகரத்துக்குள் ஓட்டும் வண்டி என்ற பேச்சு அந்த மலையிலேயே முடிந்துபோனது என்பேன்.

எரிபொருள் நிரப்புவதில் பெட்ரோல் எட்டாத உயரத்தில் இருக்கிறது. பங்க்கில் நிமிடத்துக்கு 35 லிட்டர் பாய்கிறது என்று வையுங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல். நிமிடத்தில் 300 யூனிட்டைத் தாண்டுகிறது. டைகானின் மிகவேக சார்ஜிங் 320 கிலோவாட், அதாவது மணிக்கு 320 யூனிட். அதே 300 யூனிட்டுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். எஞ்சின் அந்த ஆற்றலில் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கிறது என்பதைக் கழித்தாலும் வித்தியாசம் பெரியது. தடத்தில் நாள் முழுக்க ஓட்ட விரும்புகிறவருக்கு இன்றைக்கும் 911-ஐத்தான் சொல்வேன்.

ஓட்டும் சுகம்? நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஆறு சிலிண்டர் பாடுவதற்கு ஈடு இல்லை. ஹூண்டாய் தன் ‘அயோனிக் 5 N’ என்ற மின்சாரக் காரில் பொய் கியரும் பொய்ச் சத்தமும் வைத்திருக்கிறது. இதை ஏமாற்று வேலை என்பவர்களோடு நான் உடன்படவில்லை. சத்தம் ஏறுவதைக் கேட்டே வேகத்தை அறிவது ஓட்டுநரின் பழக்கம். அதைத் திருப்பிக் கொடுப்பதில் தவறு என்ன?

இப்போது மூன்றாவது கட்சி, செயற்கைப் பெட்ரோல். சிலியின் ஹாரு ஓனி ஆலை 2022 டிசம்பரில் உற்பத்தியைத் தொடங்கியது. காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மெத்தனால், மெத்தனாலிலிருந்து பெட்ரோல். பழைய கார் அப்படியே ஓடும். பங்க்கும் மாற வேண்டாம். 2035-க்குப் பிறகும் இந்த எரிபொருளில் மட்டும் ஓடும் கார்களுக்கு வழி விட வேண்டும் என்று 2023 மார்ச்சில் ஜெர்மனி ஐரோப்பிய ஒன்றியத்திடம் பிடிவாதம் பிடித்து வாங்கியது இதை நம்பித்தான்.

கணக்குப் போட்டால் நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. ஒரு லிட்டர் செயற்கைப் பெட்ரோலுக்குள் இருப்பது 9 யூனிட். செய்வதற்கு அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு மின்சாரம் செலவாகும். அந்த 18 யூனிட்டை நேரே பேட்டரியில் ஏற்றினால் ஒரு நடுத்தர மின்சாரக் கார் ஏறத்தாழ 100 கி.மீ. ஓடும். லிட்டராக்கி ஊற்றினால் சிக்கனமான காரே 20 கி.மீ. தாண்டினால் பெரிது. ஹாரு ஓனி இருக்கும் படகோனியாவின் காற்றைக் கம்பி வழியே ஐரோப்பாவுக்கு இழுத்துவர முடியாது, பெட்ரோலாக்கினால் கப்பலில் ஏற்றலாம் என்ற பதில் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிக் கப்பலேறும் எரிபொருள் முதலில் போக வேண்டியது பேட்டரியால் தூக்க முடியாத நெடுந்தூர விமானங்களுக்கு. புதிதாகக் கார் வாங்குகிறவரிடம் இதைக் காட்டி பெட்ரோல் எஞ்சினையே விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹாரு ஓனியின் முதற்கட்டத் திட்ட அளவு ஆண்டுக்கு 1,30,000 லிட்டர். ஆண்டுக்கு 1,000 லிட்டர் குடிக்கும் கார் என்றால் 130 கார்களுக்குப் போதும். தான் தயாரித்த கார்களில் 70 சதவீதத்துக்கு மேல் இன்றும் சாலையில் இருப்பதாக போர்ஷே சொல்கிறது. விமானங்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் துளிகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரும் அந்தப் பழைய 911-களுக்குக் கிடைக்கட்டும்.