சுங்கை சிப்புட் பழைய சாமான் கடை: கதை இலவசம், பொருளுக்கு மட்டும் காசு

ஆண்டிக், அதாவது பழம்பொருள் கடைன்னா பெரிய டவுன்லதான் இருக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு இந்த ரிவியூ. மலேசியாவுல பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பழைய கடைவரிசையில ஒரே ஒரு லாட்டு, போர்டுல பாதி எழுத்து அழிஞ்சி கெடக்கு, ஏசி கெடையாது, மேல ஒரு காத்தாடி சத்தம் போட்டுக்கிட்டே சுத்துது, தூசின்னா அப்படி ஒரு தூசி, ஆஸ்துமா உள்ளவங்க மாஸ்க் போட்டுட்டு போங்க. ஆனா பேராக்குல நான் போய் பாத்த கடைங்கள்ல நம்பி வாங்கலாம்னு சொன்னா இதத்தான் சொல்வேன்.

காரணம் கடைக்கார அண்ணன். பேரு போட வேணாம்னுட்டாரு. பால்மரத் (ரப்பர்) தோட்டத்துல பொறந்து வளந்தவரு, வாலிபத்துல கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதி ராஜா வேஷமும் தானே கட்டிக்குவாராம். வேல்ஸ் நாட்டுல கார்டிஃப்காரர் பீட்டர் ஃபில்ப்னு ஒருத்தர் இருந்தாரு, அவரும் நாடகாசிரியர், அதோட பழம்பொருள் நிபுணர், அது என்னடா ஜோடின்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு இது. இந்த அண்ணன் பேசுறத கேட்டப்பதான் வெளங்குச்சி, கிரீடம் அட்டையில செஞ்சி தங்கக் காகிதம் ஒட்டுன கைக்கு போலி எதுன்னு தொட்டாலே தெரிஞ்சிடும் போல.

இந்த ஊர்ல எத வித்தாலும் "தொரை பங்களா சாமான்"னு சொல்லித்தான் விப்பாங்க. 1948 ஜூன் 16ல இங்க பக்கத்து எஸ்டேட்டுங்கள்ல மூணு வெள்ளக்கார தொரைங்கள சுட்டு, அதுக்கப்புறம் கம்யூனிஸ்ட்டுங்கள ஒடுக்க பிரிட்டிஷ்காரன் போட்ட எமர்ஜென்சி வந்துச்சில்ல, அந்தக் கதைய ஒட்ட வச்சா ஒடஞ்ச ஸ்டூலுக்கும் வெல ஏறிடும். நான் இருந்தப்பவே ஒருத்தர் எல்ஃபில் எஸ்டேட் பங்களா மேசைன்னு ஒண்ணு தூக்கிட்டு வந்தாரு, அண்ணன் கவுத்துப் போட்டு பாத்தாரு, அடிப்பலகை பூரா மரத்தூள் அமுக்குன போர்டு. "தம்பி, கதை நல்லா இருக்கு, மேசைய வீட்டுக்கு கொண்டு போங்க"ன்னு அனுப்பிட்டாரு. வேற கடையா இருந்தா அப்படியே வாங்கி கதையோட சேத்து வித்திருப்பாங்க.

என்னென்ன பாக்கணும்னு கேட்டா மூடி மறைக்காம சொல்லித் தராரு. பழைய வட்ட மேசைய டேப் வச்சி குறுக்க ஒரு தடவ நெடுக்க ஒரு தடவ அளக்கணுமாம், மரம் ரேகைக்கு குறுக்காதான் சுருங்கும், அதனால நெஜமா பழசா இருந்தா ரெண்டு அளவும் ஒத்து வராது. டிராயரோட மூலை இணைப்பு கையால அறுத்திருந்தா ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. தட்டுன்னா மொதல்ல பின்பக்கம் திருப்பணும். ஹாலந்து மாஸ்திரிக்ட்ல பெட்ரூஸ் ரெகூ கம்பெனி செஞ்சது, ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல பெல் கம்பெனி நம்ம பக்கத்து மார்க்கெட்டுக்குன்னே செஞ்சி அனுப்புனது எல்லாம் அடுக்கி வச்சிருக்காரு, அந்த ரெகூ தட்டுல ஸ்பிங்க்ஸ் முத்திரைய காட்டுனாரு. "மேட் இன் இங்கிலாண்ட்"னு முழுசா எழுதியிருந்தா பெரும்பாலும் 1900க்கு அப்புறம் வந்த சரக்கு, விக்டோரியா மகாராணி காலம்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்கன்னாரு.

பழைய நாணயம் சேக்குறவங்களுக்கு ஒரு சங்கதி. மேசை மேல சின்ன தராசும் காந்தமும் எப்பவும் இருக்கும், நாமளே போட்டு பாத்துக்கலாம். 1903, 1904 ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேந்த பிரிட்டிஷ் காலனி) வெள்ளி டாலர் 27 கிராம் கிட்ட நிக்கணும், 1907ல இருந்து சின்னதாக்கிட்டாங்க, அது 20 கிராம் சொச்சம். காந்தத்துல ஒட்டுனா போலிதான், பேச்சே இல்ல. ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்குன 1904 டாலர நான் கொண்டு போனேன், டக்குன்னு ஒட்டிக்கிச்சி, அந்த ஆளு இப்ப மெசேஜுக்கு பதிலே போடறதில்ல. ஜப்பான்காரன் காலத்து வாழமரம் படம் போட்ட நோட்டு கட்டு கட்டா இருக்கு, அது அபூர்வம் இல்லன்னு அவரே சொல்லிட்டு கொறஞ்ச வெலைக்கு தராரு.

எனக்கு புடிச்சது கடைசி ஷெல்ப்பு. ரப்பர் பால் புடிக்கிற பால் மங்கு, மரம் சீவுற ஒட்டுக்கத்தி, தோள்ல கம்பு வச்சி பால் தூக்குற காண்டா வாளி, காலையில ஆளுங்க கூடுற பெரட்டுல பேரு கூப்புட வச்சிருந்த செக்ரோல் புஸ்தகம், எனாமல் டிபன் கேரியர். நம்ம பாட்டன் பாட்டி கையில இருந்த சாமானுங்க, ஆண்டிக்குன்னு யாரும் மதிக்காததால வெல சல்லிசு, ரெண்டு பீங்கான் மங்கு 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்தேன். செக்ரோல் புஸ்தகம் மட்டும் விக்க மாட்டாராம், அதுல இருக்குற பேருக்கு சொந்தக்காரங்க யாராச்சும் தேடி வருவாங்கன்றாரு. எனக்கு அது தேவையில்லாத பிடிவாதமாதான் பட்டுச்சி, ஸ்கேன் பண்ணி வச்சாலாவது நாலு பேருக்கு ஒதவும், சொன்னேன், சிரிச்சாரு.

கொறைன்னா, வெலை எதுலயும் ஒட்டியிருக்காது, ஒவ்வொண்ணா கேக்கணும், கேட்டா ஒவ்வொண்ணுக்கும் அரை மணி நேரம் பேசுவாரு. ஐரோப்பா தட்டுங்க வெல கொஞ்சம் கூட, பேரம் பேசுங்க, எறங்கி வருவாரு. டெலிவரி கெடையாது, கோப்பிக்கடை பளிங்கு மேசை வேணும்னா லாரி நீங்கதான் பாக்கணும். மழை பேஞ்சா பின்பக்கம் ஒழுகுது, புஸ்தகம் வாங்குனா பூஞ்சை இருக்கான்னு விரிச்சி பாத்துட்டு வாங்குங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். மோட்டோ வாசல்லயே போடலாம், கார்னா மார்க்கெட் பக்கம் விட்டுட்டு நடங்க. கியூஆர் இருக்கு, கார்டு இல்ல. காலையில சீக்கிரம் போய் நிக்காதீங்க, அண்ணன் தே தாரிக் (ஆத்துன டீ) முடிச்சிட்டு 11 மணி வாக்குலதான் ஷட்டர தூக்குவாரு.