கீலா, மூலைப்பையா? பழைய கோட்டோவியங்களைக் காட்சிக்குப் பொருத்தும்போது

சில நூறு ஆண்டு கண்ட ஒரு தாள், காட்சி முடியும்வரை சுவரில் செங்குத்தாக நிற்கப்போகிறது. அதன் எடையை எது தாங்குவது? செலோடேப்பை முதலிலேயே தள்ளிவிடுவோம். அதன் பசை மஞ்சளித்துத் தாளுக்குள்ளேயே இறங்கிவிடும். மிஞ்சுவது கீலும் மூலைப்பையும்.

கீல் என்பது ஜப்பானியத் தாளின் சிறு துண்டு. கோதுமை ஸ்டார்ச் பசை தடவி, அதன் ஒரு பாதியை ஓவியத்தின் பின்புறம் மேல் விளிம்பிலும் மறுபாதியைப் பின்னட்டையிலுமாக இரண்டு இடத்தில் ஒட்டுவார்கள். துண்டைக் கத்தரிக்காமல் கிழிப்பதே முறை. கிழிந்த ஓரத்து நார்கள் மெல்லப் படிவதால் முன்பக்கம் தடம் தெரியாது. தாள் ஈரக்காற்றில் விரியும், வறண்டால் சுருங்கும். மேலே மட்டும் பிடித்திருப்பதால் மற்ற பக்கங்கள் தாராளமாக அசையலாம். கீல் ஓவியத்தாளைவிட வலுக் குறைந்ததாக இருக்கவேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி: ஃப்ரேம் கைதவறி விழுந்தால், கிழியவேண்டியது கீல், ஓவியமல்ல.

மூலைப்பை என்பது ஓவியத்தின் மூலைகளைச் செருகிவைக்க, பின்னட்டையில் ஒட்டும் சிறு பை. இதில் பசை ஓவியத்தைத் தொடுவதே இல்லை. இருபுறமும் வரைந்த தாளை நினைத்தபோது எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் இறுக்கமாக வைத்தால் தாள் விரிய இடமின்றி நெளியும். எடை முழுவதும் கீழ் மூலைகளில் இறங்கும். நொறுங்கும் நிலையிலுள்ள தாளுக்கு அது ஆபத்து. பையை மறைக்க ஜன்னல் வெட்டிய மேலட்டையும் வேண்டும். விளிம்புவரை வரைந்த ஓவியத்தை முழுதாகக் காட்ட நினைத்தால் மூலைப்பை உதவாது.

பொதுவாக என் வாக்கு கீலுக்கே. இரும்பு உப்பு கலந்த பழைய மையில் வரைந்தவை மட்டும் விலக்கு. பசையின் ஈரம் பட்டால் மையிலுள்ள இரும்பு அயனிகள் கரைந்து, மை இல்லாத இடத்துக்கும் பரவித் தாளை அரிக்கத் தொடங்கும். அங்கே மூலைப்பைதான். தாள் பெரிதாக இருந்து கீல் தவிர்க்க முடியாவிட்டால், ஜெலட்டின் பூசி உலர்த்திய மெல்லிய தாளை மிகக் குறைந்த ஈரத்தில் ஒட்டலாம்.

கரி, சுண்ணக்கோல் ஓவியங்களுக்கு இன்னொரு கவனம். பாலியெஸ்டர் மூலைப்பையும், ஃப்ரேமின் முன்பக்கத்தை மூடும் அக்ரிலிக் முகப்பும் நிலைமின்சாரத்தால் துகளை இழுத்துக்கொள்ளும். தாளில் மடித்த பையும் கண்ணாடி முகப்புமே நல்லது. முகப்பு ஓவியத்தில் உரசாதபடி மேலட்டையின் தடிமன் இடைவெளி தரவேண்டும். எப்படிப் பொருத்தினாலும் அட்டை அமிலமற்றதாகவும் வெளிச்சம் 50 லக்ஸுக்குள்ளும் இருக்கட்டும்.