புது காயில் என்று பில், உள்ளே இருந்தது என் பழைய காயில்: லோடு வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, பெட்ரோலை எரிக்கப் பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் காயிலே அதில் கிடையாது. டீசல் வண்டிக்கு யாராவது காயில் பில் போட்டால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

என்னுடையது நான்கு சிலிண்டர், ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். முதுநகரில் மீன் ஏற்றிக்கொண்டு புதுச்சேரி போகும்போது, பெண்ணையாற்றுப் பாலத்தில் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் தெரியாது. என்ஜின் சூடேறினால் உதறும், செக் என்ஜின் லைட் மினுக்கும். காயில் உள்ளே இன்சுலேஷன் விட்டிருந்தால் இப்படித்தான். குளிரில் சமாளிக்கும், சூட்டில் கைவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஓம்ஸ் சரியாகவே காட்டவும் கூடும்.

நகரத்துக்குள் ஒரு பட்டறையில் விட்டேன். ஸ்கேனரில் பி0303 என்ற பிழை எண் வந்தது. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்று அது சொல்லாது. ஆனால் மெக்கானிக், "நாலு காயிலையும் மாத்தினாத்தான் நிக்கும் அண்ணே" என்றார். சரி என்றேன். பழைய காயிலைக் கேட்டதற்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். லைட் அணைந்திருந்தது, நான்கு காயிலுக்கும் பணம் கட்டினேன்.

கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் மறுபடி உதறல். அரியாங்குப்பத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். இந்த முறை பிழை எண் பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர். அவர் இரண்டாவது காயிலைப் பிடுங்கித் துணியால் துடைத்தார். கனெக்டருக்குப் பக்கத்தில் வெள்ளை பெயின்ட்டில் "3". போன தடவை பிளக் மாற்றியபோது நானே போட்ட நம்பர். உடம்பில் மயிரிழை விரிசல், தீப்பொறி ஓடிய சாம்பல் கோடு, உப்புக்காற்றில் பச்சை பிடித்த பின்கள். "2" என்று எழுதிய காயில் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒன்றும் நான்கும் அதனதன் இடத்தில் அப்படியே.

இரண்டு காயிலை இடம் மாற்றி, ஸ்கேனரில் பிழை எண்ணை அழித்து, நான்குக்குப் பில் போட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், காயிலை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. காயிலோடு பிழை எண்ணும் நகர்ந்தால் காயில் போச்சு. நகராவிட்டால் பிளக், இன்ஜெக்டர் என்று தேடலாம். ஐந்து பைசா செலவில்லாத அந்த வேலையையே ஏமாற்றுவதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கடைசியில் ஒரே ஒரு காயில், ஒரு செட் பிளக், பின்களைச் சுத்தம் செய்தது, அவ்வளவுதான். பிளக் முனையில் இருக்கிற இடைவெளி அகலமாகியிருந்ததாம், அதுவும் காயிலைத் தின்னும். பிளக் குழியில் எண்ணெய் நின்றால் டாப் கவர் பேக்கிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காயில்களில் நம்பர் எழுதி போட்டோ எடுத்துவிட்டு வண்டியை விடுங்கள். இடம் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். லைட் மினுக்கும்போது லோடோடு ஓட்டவும் வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் நாசமாக்கும், அதன் விலைக்குப் பல காயில் வாங்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனால், "லோடு வண்டி கமர்ஷியல், கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது" என்றார் முதலாளி. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்தேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடம் வரை அவகாசம் உண்டு. பில்லும் அந்த "3" நம்பர் போட்ட காயிலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.