மாஸ்டர்ஸை மறைப்பதா, சொல்லிவிட்டே வேலை கேட்பதா?

பன்னிரண்டு வருடம் அரச சார்பற்ற நிறுவனங்களில் வேலை செய்தேன். கடைசியாகத் திட்ட முகாமையாளர். மாஸ்டர்ஸ் பட்டமும் இருக்கிறது. நிதி நின்றதும் திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது. அப்புறம் கொழும்பில் நிர்வாக உத்தியோகத்தர், அலுவலக ஒருங்கிணைப்பாளர் என்று கிடைத்த விளம்பரங்களுக்கெல்லாம் விண்ணப்பித்தேன். கூப்பிட்டவர்கள் சொன்னது ஒன்றைத்தான்: “மிஸ், நீங்க ஓவர் குவாலிஃபைட்.” அதாவது, இந்த வேலைக்கு என் படிப்பும் அனுபவமும் அதிகமாம்.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு மூன்று வழி இருக்கிறது. சீவியில் படிப்பையும் பெரிய பதவியையும் எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் எழுதி, ஏன் இந்த வேலைக்கு வருகிறேன் என்று விளக்கலாம். அல்லது ஒப்பந்த வேலை செய்யலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். இரண்டாவதுதான் என் தெரிவு.

மறைத்து எழுதினால் நேர்முகத் தேர்வுக்கு நிறையக் கூப்பிடுவார்கள், அது உண்மை. ஒன்பது இடத்துக்கு அனுப்பினேன், நான்கு இடத்தில் கூப்பிட்டார்கள். கோட்டையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் ஆவண உதவியாளராகச் சேர்ந்தேன். கஷ்டம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சீவியில் ஒன்றை எழுதாமல் விடலாம். ஆனால் சேரும் நாளில் தரும் படிவத்தில் கல்வித் தகைமை எல்லாவற்றையும் எழுதச் சொல்லி, கீழே ‘மேற்கூறியவை முழுமையானவை, உண்மையானவை’ என்று கையெழுத்து வாங்குகிறார்கள். நான் வாங்கிய பட்டத்தை நானே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு நாள் மறைப்பது பெரிய விஷயமில்லை, தினமும் மறைப்பதுதான் பாரம். லிங்க்ட்இன் பக்கத்தை மூடினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய வேலை பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவேன். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவே தமிழர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்காது. அலுவலகத் தோழி ஒருத்தியின் அக்கா, என்னோடு சனி ஞாயிறு மாஸ்டர்ஸ் வகுப்பில் இருந்தவர் என்று மூன்றாம் மாதம் தெரியவந்தது. நான்காம் மாதம் உள்ளேயே ஒரு நல்ல பதவி காலியானது. கேட்ட தகுதி எல்லாம் என்னிடம் இருந்தும் வாய் திறக்க முடியவில்லை. கடைசியில் முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன். “வேறு என்ன சொல்லாமல் இருக்கிறீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அங்கே இருக்க மனமில்லை. ஐந்தாம் மாதம் விலகினேன். கையில் மிஞ்சியது உதவியாளர் என்று போட்ட சேவைக் கடிதம் மட்டும்.

முழுவதையும் எழுதினால் அழைப்பு குறையும். இருபத்து மூன்று அனுப்பி மூன்றுதான் வந்தது. ஆனால் அந்த மூன்று இடத்திலும் நான் நானாகவே போய் உட்கார முடிந்தது. முதலாளிமாருக்குப் பயம் படிப்பைப் பார்த்து அல்ல, ‘இவர் எத்தனை நாள் இருப்பார்’ என்பதுதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பழக்கி எடுத்த ஆட்கள் வரிசையாக வெளிநாடு போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் கடிதத்தின் முதல் பந்தியிலேயே பதில் எழுதினேன்: மகனுக்கு அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை, வெளிநாடு போகும் எண்ணமில்லை, எதிர்பார்க்கும் சம்பளம் இவ்வளவு. தொகையைக் கட்டாயம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பழைய சம்பளத்தைக் கேட்போம் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

அவர்களை நம்பவைத்தது வேறொன்று. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வேலையை விட்டுப் போகும்போது, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கும். திட்டம் திட்டமாக மாறி வேலை செய்ததால் பன்னிரண்டு வருடத்தில் ஓரிடத்திலும் எனக்கு ஐந்து வருடம் நிறையவில்லை. நேர்முகத் தேர்வில் இதையே சொன்னேன்: “எனக்கு 44 வயது. அந்த ஐந்து வருடத்தை இங்கே முடிக்கத்தான் வருகிறேன்.” நிறுவனத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இந்த ஒரு கணக்குக்கு ஈடாகியிருக்காது. பம்பலப்பிட்டியில் ஒரு கல்வி நிலையத்தில் நிர்வாக உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. மேலதிகாரிக்கு 31 வயது. “என்னோடு வேலை செய்யச் சங்கடமா?” என்று அவரே கேட்டார். இல்லை என்றேன், இன்றுவரை இல்லை.

முழுவதையும் எழுதுவது என்றால் எல்லாவற்றையும் முன்னால் கொட்டுவது அல்ல. மாஸ்டர்ஸ் கடைசியில் ஒரு வரி. பயிற்சிப் பட்டறைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். கேட்ட வேலைக்கு வேண்டிய அனுபவம் முதல் பக்கத்தில்.

ஒப்பந்த வேலை பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், இரண்டு அறிக்கைகள் மட்டுமே செய்தேன். படிப்பை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை, அது நிம்மதி. ஆனால் ஆலோசகர் என்று பில் கொடுத்துக் காசு வாங்கினால் ஊழியருக்காக முதலாளி கட்டும் சேமலாப நிதி (ஈபிஎஃப்) 12 வீதமும் நம்பிக்கை நிதி (ஈடிஎஃப்) 3 வீதமும் இல்லை. ஒரு லட்சத்துக்கு மாதம் பதினைந்தாயிரம் போகிறது. வீட்டில் இன்னொருவருக்கு நிரந்தரச் சம்பளம் இருந்தால் கணக்கு மாறலாம்.

பட்டம் முடித்தவுடன் ‘ஓவர் குவாலிஃபைட்’ என்ற இதே பதிலைக் கேட்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு என் அனுபவம் அப்படியே பொருந்துமா என்று தெரியாது. பணிக்கொடைக் கணக்கை அந்த வயதில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எந்த வழியில் போனாலும் ஒன்று செய்யுங்கள். நம்மைப் பற்றி விசாரிக்க உறவினரல்லாத இரண்டு பேரை ரெஃபரியாகக் கேட்பார்கள் அல்லவா, விண்ணப்பம் அனுப்பும் முன் அந்த இருவருக்கும் ஃபோன் எடுத்து எந்த வேலை, ஏன் என்று சொல்லிவிடுங்கள். எனக்குக் கிடைக்கவிருந்த ஓரிடத்திலிருந்து, நான் ரெஃபரியாகக் கொடுத்திருந்த என் பழைய பணிப்பாளருக்கு ஃபோன் எடுத்திருக்கிறார்கள். அவர் நல்ல மனதோடுதான், “அவர் ஏன் இந்த வேலைக்கு வருகிறார்?” என்று அவர்களிடமே கேட்டிருக்கிறார். அந்த இடம் அதோடு போனது.