தேயும் இடத்தைப் பார்த்து வாங்குங்கள்: தோட்டா மறுநிரப்பு பிரஸ்கள், ஓர் ஒப்பீடு

பழைய வார்ப்பிரும்பு பிரஸ் ஒன்றுக்கு விலை பேசும்போது நான் முதலில் செய்வது, ரேம் எனப்படும் நடுத்தண்டை முழுவதும் மேலே ஏற்றி, அதன் மீது கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்ப்பது. நகம் வழுக்கிக்கொண்டே போனால் பேச்சைத் தொடர்வேன். எங்காவது தட்டினால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுவேன். மற்ற எந்தப் பாகத்தையும் மாற்றிவிடலாம். ஆனால் ரேமில் கீறல் விழுந்திருந்தால், அது ஓடும் துளையும் தேய்ந்திருக்கலாம்; அந்தத் துளையை மாற்ற முடியாது.

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்களில் பலர் தோட்டாவை வீட்டிலேயே மறுநிரப்பு செய்கிறார்கள். சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளை உறையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதுதான் காரணம். கைப்பிடியை இழுத்தால் ரேம் அந்த உறையை மேலே ஏற்றி, அதைச் சீராக்கும் அச்சுக்குள் அழுத்தும் கருவிதான் பிரஸ். சொந்த உபயோகத்துக்குச் செய்ய அங்கே கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்பதற்குத் தேவை. இந்தியாவில் நிலைமை வேறு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இந்த அலசல், அங்கே குடியேறி இந்த விளையாட்டில் இறங்கியிருப்பவர்களுக்காக. எந்த பிரஸ் வேகமானது, எது மலிவு என்று ஒப்பிட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எது எங்கே தேயும், தேய்ந்தால் யார் சரிசெய்வது என்பதை வைத்துத்தான் நான் ஒப்பிடப் போகிறேன்.

பிரஸ்ஸைத் தேய்ப்பது பெரும்பாலும் அழுக்குதான். உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணிதான் பிரைமர். எரிந்துபோன பிரைமரை அச்சிலுள்ள ஊசி வெளியே தள்ளும்போது, அதனுடன் சாம்பல் நிறப் பொடியும் உதிர்கிறது. கையுறை போட்ட விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறக்கும். அது ரேம் மீதுள்ள எண்ணெயில் படிந்துவிட்டால், மெக்கானிக் கடையில் வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் பசைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. கைப்பிடியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இரும்பை இரும்பு அரைக்கும். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருப்பதால் அந்தப் பொடி உடம்புக்கும் கேடு. அதைக் காற்றடித்து ஊதாதீர்கள்; ஈரத்துணியால் துடையுங்கள்; வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

இந்தக் கண்ணோட்டத்தில், ஒரு நேரத்தில் ஒரே அச்சை மாட்டும் ஒற்றை அச்சு பிரஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புகழின் வரிசை கொஞ்சம் மாறிவிடுகிறது. 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் பிரெட் ஹன்டிங்டன் தொடங்கிய நிறுவனம் ஆர்சிபிஎஸ். அதன் ராக் சக்கர் பிரஸ், தாத்தா வாங்கிப் பேரன் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தது. இணைப்புப் பின்கள், லிங்குகள், அச்சை மாட்டும் மேல் புஷ் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. ஆனால் ரேம் ஓடும் துளை, வார்ப்பிரும்புச் சட்டத்திலேயே கடைந்தெடுத்தது. தனியாக பேரிங் கிடையாது; சட்டமே பேரிங். பழைய பிரைமர் ரேமின் முன்பக்கப் பிளவு வழியாக வெளியே வந்து தட்டில் விழ வேண்டும் என்பது ஏற்பாடு. பிரைமர் விழுந்துவிடும், பொடி ரேம் மீதே வடியும். மாற்றவே முடியாத ஒரே இடத்தில்தான் குப்பை கொட்டுகிறது என்பது இந்த அருமையான கருவியைப் பற்றி எனக்குள்ள உண்மையான வருத்தம்.

விஸ்கான்சின் மாநில நிறுவனமான லீ பிரிசிஷனின் கிளாசிக் காஸ்ட் விலையில் குறைவு, பெயரிலும் ராக் சக்கருக்கு ஒரு படி கீழே. அதன் சட்டமும் வார்ப்பிரும்புதான், துளையும் சட்டத்திலேயேதான். ஆனால் ரேம் உள்ளீடற்றது. பிரைமர் ரேமின் வயிற்றுக்குள்ளேயே இறங்கி, கீழே மாட்டிய பிளாஸ்டிக் குழாயில் போய்ச் சேரும். நூறு உறைகளை முடித்துவிட்டு வெள்ளைத் துணியால் ரேமைத் துடைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துணியிலேயே தெரியும். இல்லினாய் மாநிலத்தின் ஃபோர்ஸ்டர் செய்யும் கோ-ஆக்ஸ் பிரஸ்ஸும் பிரைமரைக் குழாய் வழியாக நேராகக் கீழே ஒரு குப்பிக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே நடுத்தண்டுக்குப் பதில் இரண்டு வழிகாட்டித் தண்டுகள். மூன்றிலும் சுத்தமானது அதுதான், விலையும் அதற்கேற்ப.

ரேம் சற்று ஆடினால் தோட்டா கோணலாகிவிடுமா என்று கேட்கிறார்கள். சிறிய ஆட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. அச்சுக்குள் நுழையும் உறை தன்னைத் தானே நடுவில் இருத்திக்கொள்ளும். கோ-ஆக்ஸில் அச்சு வேண்டுமென்றே மிதக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. எல்லா முறையும் ஒரே மாதிரி ஆடினால் பாதகமில்லை. ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து ஆடினால்தான் கவனிக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவருக்கு, ராக் சக்கரைவிட கிளாசிக் காஸ்டையே சொல்வேன். நகத்துக்குத் தட்டாத பழைய ராக் சக்கர் நல்ல விலைக்குக் கிடைத்தால், அதையும் தயங்காமல் வாங்கலாம். ரேமை ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் இட வேண்டும். இரண்டு சொட்டு இட்டால் இரண்டு மடங்கு பொடி ஒட்டும்.

லீயின் கிளாசிக் டரட் பிரஸ்ஸைப் பலர் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டுக்காகத் திட்டுகிறார்கள். நான்கு அச்சுகள் மாட்டிய தலைத்தட்டு, கைப்பிடியின் ஒவ்வொரு இழுப்புக்கும் தானாகக் கால்வட்டம் திரும்பும். திருப்புவது முறுக்கிய ஒரு சதுரக் கம்பி. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்வது நடுவில் சதுர ஓட்டையுள்ள ஒரு பிளாஸ்டிக் ராட்செட், அதாவது ஒரு திசையில் மட்டும் திருப்பும் பிடிப்பு. இழுப்பின் நடுவே தலைத்தட்டைக் கையால் வலிந்து திருப்பினால், அந்த ஓட்டையின் மூலைகள் மழுங்கிவிடும். அதன்பின் தட்டு பாதி திரும்பி நின்றுவிடும்.

என் பட்டறை மேசையில் ஒருமுறை மழுங்கிய ராட்செட்டையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். புதியதன் மூலைகள் கத்தி போல் கூர்மை. பழையதில் ஓட்டை ஏறக்குறைய வட்டமாகிவிட்டிருந்தது. கம்பியில் ஒரு கீறலும் இல்லை, ரேமில் ஒன்றும் இல்லை. வலித்துத் திருப்பிய வேகம் முழுவதையும் அந்த மலிவான துண்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலை இது. இதைக் குறை என்று நான் ஏற்க மாட்டேன். இரண்டு உபரி ராட்செட்டுகளை இழுப்பறையில் போட்டுவையுங்கள். அதுவும் இல்லாத நாளில் கம்பியை உருவிவிட்டுத் தட்டைக் கையால் திருப்பி வேலையைத் தொடரலாம்.

ஒரே இழுப்பில் பல வேலைகளை முடிக்கும் புரோகிரசிவ் பிரஸ்களுக்கு வந்தால், தேயும் பாகங்கள் பெருகுகின்றன. அரிசோனாவின் டில்லன் நிறுவனத்து 550இல் நான்கு நிலைகள். உறைகள் அமரும் தட்டைக் கையால் திருப்ப வேண்டும். 750இல் ஐந்து நிலைகள். தட்டு தானாகத் திரும்பும். தானாகத் திருப்பும் அமைப்பு இருக்கும் இடத்தில் தேய்வதற்கும் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்பதால், 550 எனக்கு நெருக்கமானது. இரண்டிலும் கண்வைக்க வேண்டியது பிரைமர் ஊட்டும் பகுதி: குழாயின் அடியில் உள்ள சிறிய பிளாஸ்டிக் முனை, முன்னும் பின்னும் ஓடும் சறுக்கி, அதன் அடியில் சேரும் பொடி. சறுக்கி திக்கித் திக்கி நகர்ந்தால் பலம் கொண்டு தள்ளாதீர்கள். குழாயில் அடுக்கியிருப்பவை அடிபட்டால் வெடிக்கக்கூடியவை. அதனால்தான் அந்தக் குழாயைச் சுற்றி எஃகுக் கவசம் வைத்திருக்கிறார்கள். நிறுத்தி, பிரைமர்களை எடுத்துவிட்டு, துடைத்து, முனையை மாற்றுங்கள்.

நெப்ராஸ்காவின் ஹார்னடி செய்யும் லாக்-என்-லோட் ஏபி, தட்டை இரு அரை அடிகளாகத் திருப்புகிறது: ரேம் ஏறும்போது பாதி, இறங்கும்போது பாதி. அதனால் அசைவு மென்மையானது. நிரப்பிய வெடிமருந்து உறையிலிருந்து சிந்துவது குறைவு. தட்டு திரும்பும் நேரம் தப்பினால் திருகாணிகளைக் கொண்டு நாமே சரிசெய்யலாம். அதன் பலவீனம், தட்டைச் சுற்றி உறைகளைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய சுருள் ஸ்பிரிங். அச்சின் அடியில் சிக்கினால் நசுங்கிவிடும். அதை உதிரியாக வைத்திருக்காமல் இந்த பிரஸ்ஸில் உட்காரக் கூடாது.

உத்தரவாதத்தில் டில்லன் முன்னால் நிற்கிறது. 550க்கும் 750க்கும் வாழ்நாள் உத்தரவாதம். வணிகத் தரம் என்று வகைப்படுத்திய 1100க்கு மட்டும் ஓராண்டு. லீ இரண்டு ஆண்டுகள் தருகிறது. அதன்பின் இப்போதும் தயாரிப்பில் உள்ள கருவியை அனுப்பினால், நடப்பு விலையில் பாதிக்குப் புதிதுபோல ஆக்கித் தருகிறது. என்றாலும் போட்டிக்கு முந்தைய இரவில் ஸ்பிரிங் உடைந்தால் எந்த உத்தரவாதமும் உதவாது. இழுப்பறையில் உள்ள ஸ்பிரிங்தான் உதவும்.

அச்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 9 மி.மீ. போன்ற கைத்துப்பாக்கி உறைகளுக்கு, எஃகைவிடக் கடினமான கார்பைடு வளையம் உள்ள அச்சே நல்லது. மசகு தேவையில்லை, எளிதில் தேயாது. ஆனால் கடினமாக மோதினால் வளையம் விரிசல் விடும். எஃகு அச்சில் மணல் புகுந்தால், எல்லா உறைகளிலும் ஒரே இடத்தில் நீளக் கோடு விழும். அச்சைக் கழற்றிச் சுத்தம் செய்து மெருகிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

பிரைமரைத் தள்ளும் ஊசியில்தான் கடைசி வேறுபாடு. ஆர்சிபிஎஸ்ஸின் ஊசி சிறியது, தனியாக மாற்றக்கூடியது. லீயில் ஊசித்தண்டை ஒரு கவ்வி பிடித்திருக்கிறது. தடை வந்தால் தண்டு மேலே நழுவிவிடும். மைதானத்தில் பொறுக்கிய உறைகளுக்கிடையே, நடுத்துளைக்குப் பதில் இரு சிறு துளைகள் உள்ள பெர்டான் வகை ஒன்று கலந்துவிட்டால், முதல் வகையில் ஊசி ஒடியும், இரண்டாவதில் தண்டை மறுபடி இறுக்கினால் போதும். எப்படியானாலும், கைப்பிடி வழக்கத்துக்கு மாறாக இறுகினால் அங்கேயே நிறுத்தி, அந்த உறையை எடுத்து வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள்.